கோலாலம்பூரில் எங்கே படுப்பது? பெட்டாலிங் தெரு, புக்கிட் பிந்தாங், பிரிக்பீல்ட்ஸ்

கோலாலம்பூருக்குத் தனியப் போகப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா ரிக்கற் விலையைக் கேட்கவில்லை. "எங்க படுக்கப்போறாய்?" என்றுதான் கேட்டா. பத்துக் கட்டில் போட்ட அறையில் ஒரு கட்டில் பிடித்திருக்கிறேன் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "தொண்ணூற்றஞ்சில இடம்பெயர்ந்து போய் சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் படுத்தனாங்கள். ஒரு வகுப்பறைக்குள்ள ஏழு குடும்பம். நீ காசு குடுத்தோ போய்ப் படுக்கப்போறாய் பிள்ளை?" என்றா.

அன்று என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. போய் வந்த பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். எல்லாரும் முதல் தடவை வெளிநாடு போகிறவர்கள், கையில் அளவான காசு, வீட்டில் பயம். அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்பது இரவு நின்றேன். பெட்டாலிங் தெருப் பக்கம் ஒரு பழைய கடைவீட்டு விடுதியில் நாலு இரவு, புக்கிட் பிந்தாங்கில் கப்சூல் என்கிற பெட்டிக் கட்டிலில் இரண்டு இரவு, பிரிக்பீல்ட்ஸில் தனி அறையில் மூன்று இரவு. நான் இரவுக்குக் கொடுத்தது முறையே 38, 62, 95 ரிங்கிட். ஒரு ரிங்கிட் இலங்கைக் காசில் எழுபது ரூபாவை அண்டி இருந்தது. தனி அறைக்கு மேலதிகமாக 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் வந்தது. 2017 முதல் வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அறவிடுகிறார்கள். பொது அறைக் கட்டிலுக்கு இதை எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பிடிக்க முன்பே கேட்டுவிடுங்கள். வரியோடு பார்த்தால் முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையில் இரவுக்கு 4,700 ரூபா வித்தியாசம். ஒன்பது இரவுக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் போகும்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். தனியப் போகும் பெண்ணுக்கு, பெட்டாலிங் தெரு இருக்கும் பழைய நகரப் பக்கம், ஆறு கட்டிலுக்கு மேற்படாத பெண்கள் அறை. அம்மா அப்பாவோடு போனால் பிரிக்பீல்ட்ஸ். கப்சூலுக்கு நான் இனிப் போகமாட்டேன்.

இனி விபரம். யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர் கட்டிலில் விழும் நேரத்தில் ஏற்கெனவே ஒரு இரவு நித்திரையைத் தொலைத்திருப்பார். கொழும்பு பஸ்ஸில் இரவு முழுக்கக் குலுங்கி விடியக் கட்டுநாயக்காவில் இறங்கி, மூன்றரை மணித்தியாலம் பறந்து, அங்கே விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் இருக்க வேண்டும். விரைவு ரயில் அரை மணித்தியாலத்தில் கொண்டுபோய் விடும், ஆனால் 55 ரிங்கிட். அது ஒன்றரை இரவுக் கட்டில் காசு என்பதால் நான் பஸ்தான் எடுத்தேன். இதோடு மணிக்கூடு வேறு. மலேசியா எங்களை விட இரண்டரை மணித்தியாலம் முந்தி. அங்கே இரவு 11 மணிக்கு அறை விளக்கை அணைத்தால் எங்கள் உடம்புக்கு எட்டரை மணி, நித்திரை வராது. விடியற்காலை 5 மணிக்கு, விமானத்துக்குப் போகிறவர்கள் எழும்பிப் பையைக் கட்டத் தொடங்கும்போது எங்கள் உடம்புக்கு இரவு இரண்டரை. பொது அறையில் சத்தம் கூடிய நேரமும் எங்கள் ஆழ்ந்த நித்திரை நேரமும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் எழுதும் விடுதிக் குறிப்புகளில் இது இருக்காது. முதல் இரண்டு இரவுக்குக் காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள்.

பெட்டாலிங் தெருவில் முதல் இரண்டு இரவும் பத்துக் கட்டில் அறை, ஆணும் பெண்ணும் கலந்தது. எனக்கு மேல் கட்டில். ஏசிக்காற்று நேரே முகத்தில். தந்த போர்வை ஒரு துவாய் அளவு. கீழ்க் கட்டில்காரர் திரும்பிப் படுத்தால் எனது கட்டில் ஆடியது. மூலையில் ஒருவர் விட்ட குறட்டை, நின்று நின்று வந்தது. இதையெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க முடியாமல் போனது குளியலறை. பத்துப் பேருக்கு இரண்டு. காலை எட்டு மணிக்குத் துவாயும் சோப்பும் கையுமாக ஆறு பேருக்குப் பின்னால் ஈரத் தரையில் நின்றேன். அறையில் எத்தனை கட்டில் என்பதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். ஒரு குளியலறைக்கு எத்தனை பேர் என்றுதான் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒரு ஆறுதல், கழிப்பறையில் எல்லாம் தண்ணீர்க் குழாய் இருக்கிறது.

மூன்றாம் நாள் அதே விடுதியிலேயே பெண்கள் அறைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். 7 ரிங்கிட் கூடுதல். ஆறு கட்டில், கீழ்க் கட்டில், கதவிலிருந்து தள்ளி. கேட்டால் மாற்றித் தருவார்கள் என்பது எனக்கு முதலில் தெரியவில்லை. கேட்காமல் சகித்த இரண்டு இரவும் வீண்.

அம்மா பையில் திணித்துவிட்ட பழைய நூல்சேலை அன்றுதான் வெளியே வந்தது. மேல் கட்டிலின் பலகைகளுக்கு இடையில் சேலைத் தலைப்பைச் செருகி, மறு நுனியைக் கால்மாட்டுக் கம்பியில் முடிந்தேன். கட்டில் நீளத்துக்கு ஒரு திரை. மிச்சத்தைப் போர்த்திக்கொண்டேன். உள்ளே படுத்தால் அறை விளக்கு சேலையின் மாம்பழ மஞ்சளில் பட்டு மங்கலாகத் தெரியும். துவைத்துத் துவைத்து மெலிந்த நூல் என்பதால் காற்றும் வந்தது. விலை கூடிய விடுதிகளில் கட்டிலுக்கே திரை போட்டிருக்கிறார்கள். இல்லாத இடத்தில் ஒரு சேலையும் இரண்டு ஊசியும் போதும்.

எதிர்க் கட்டிலில் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வைத்தியத்துக்கு வந்திருந்த ஒரு வயதான அம்மா. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. இரவில் முழங்காலுக்குக் கோடாலித் தைலம் பூசுவா. சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் வீட்டுக்கு அதே பச்சை எண்ணெய்ப் போத்தல்தான் வரும். அம்மம்மாவின் அறை மணம் அது. அந்த மணத்தோடு அன்று எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டேன். தனி அறையில் இது கிடைத்திருக்காது.

இடத்தைப் பொறுத்தவரை பெட்டாலிங் தெருவுக்கு நிகர் இல்லை. பசார் செனி ரயில் நிலையம் நடைதூரம். அங்கிருந்து நகரத்தின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் ஒரு தரிப்பு, புக்கிட் பிந்தாங் இரண்டு தரிப்பு. 1873இல் தொடங்கிய மகாமாரியம்மன் கோயிலும் சீனர்களின் குவான் டி கோயிலும் ஒரே தெருவில் கிட்டக் கிட்ட. தலையை நிமிர்த்தினால் 118 மாடிக் கோபுரம். நாள் முழுக்கத் திறந்திருக்கும் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை) ரொட்டிச் சானாயும் இழுத்த தேத்தண்ணியும். குறை என்றால், இரவுச் சந்தைக்காரர் கடை கட்டும் இரும்புச் சத்தம் நள்ளிரவு வரை இருக்கும். தெருப்பக்க யன்னல் உள்ள அறை வேண்டாம் என்று சொல்லிப் பிடியுங்கள்.

ஒரு நாள் காலை ஆறரைக்கு எழும்பினேன். அங்கே சூரியன் ஏழு மணியை அண்டித்தான் வரும், இன்னும் இருட்டு. பாலத்தைக் கடந்து பழைய ரயில் நிலையத்துக்கு நடந்தேன். 1910இல் கட்டிய வெள்ளைக் கட்டடம், கூரையெல்லாம் குடைகள். அம்மம்மாவின் அப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். வெள்ளைக்காரன் ரயில் பாதை போட்ட காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கிலிஷ் படித்த பெடியளைக் கூட்டம் கூட்டமாக எடுத்தான். எங்கள் ஊரில் மலாயாப் பென்சனில் கட்டிய கல்வீடுகள் இன்றும் நிற்கின்றன. பூட்டன் இந்த மேடையில்தான் கால் வைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டு வாங்கில் இருந்தேன். ஒரு ரயில் வந்து போனது.

புக்கிட் பிந்தாங் கப்சூலைப் பற்றி நீட்ட எனக்கு விருப்பமில்லை. படங்களில் விண்வெளிக் கப்பல் மாதிரி இருக்கும். உள்ளே ஆறடிப் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சின்ன மின்விசிறி, ஒரு விளக்கு, இழுத்து மூடும் திரை. மறைவு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் சத்தம் பிளாஸ்டிக்கில் பட்டு இன்னும் கூடுகிறது. பக்கத்துப் பெட்டியில் பையின் சிப் இழுப்பது என் காதுக்குள் இழுப்பது போல் கேட்டது. நிமிர்ந்து இருக்க முடியாது, பையை உள்ளே வைக்கவும் முடியாது. இரண்டு நாளும் ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. வெளியே சங்காட் தெருவின் மதுக்கடை இசை விடியப்புறம் வரை போனது. ஜாலான் அலோரில் சாப்பிட வேண்டுமென்றால் பசார் செனியிலிருந்து ரயிலேறிப் பின்னேரம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். அதற்காக அங்கே படுக்கத் தேவையில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வேறு கதை. கேஎல் சென்ட்ரல் பக்கத்தில். விமான நிலையப் பஸ், பத்துமலைக்கு நேரே போகும் கொமுட்டர் ரயில், எல்லாம் அங்கிருந்துதான். தெருவில் பூமாலைக் கடை, வாழையிலைச் சாப்பாடு, தமிழிலேயே விலை பேசலாம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இதை விட்டால் வேறு இடம் தேட வேண்டியதில்லை. ஸ்காட் வீதிக் கந்தசுவாமி கோயில் இலங்கைச் சைவர்கள் கட்டியது. உள்ளே நுழைந்ததும் எனக்கு நல்லூர்தான் வந்தது. என் கதையைக் கேட்ட ஒரு முதியவர், "யாழ்ப்பாணமோ?" என்றார். அவர் அங்கேயே பிறந்தவர். தகப்பன் கொக்குவில். நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சொல்லாக, தாய் சொன்னது என்று திருப்பிச் சொன்னார்.

அறைதான் என்னை ஏமாற்றியது. 95 ரிங்கிட் கொடுத்த அறைக்கு யன்னல் இல்லை. அந்த விலைக்கு அந்த ஊரில் யன்னல் இல்லாத அறை சாதாரணம். பிடிக்கும்போது எழுத்துச் சிறிதாகப் போட்டிருப்பார்கள், நான் கவனிக்கவில்லை. விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது. சுவரில் ஈர மணம். கதவைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாகப் படுக்கலாம், குளியலறைக்கு வரிசை இல்லை, இரண்டும் உண்மை. முழங்கால் நோகும் பெற்றாரோடு போனால் காசைப் பார்க்காமல் இதையே எடுங்கள், "யன்னல் உள்ள அறை" என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு. தனியாளுக்கு அந்த இருட்டு மூன்றாம் நாள் மனதில் ஏறிவிடும்.

சொந்தக்காரர் வீடு என்று நாலாவது வழியும் இருக்கிறது. கிள்ளானில் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா இருக்கிறா. காசு இல்லை, சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. ஆனால் நகரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ரயில். "இருட்ட முதல் வந்திடு பிள்ளை" என்று பெரியம்மா சொன்னால் அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஞாயிறு மத்தியானம் பழங்களோடு போய், சாப்பிட்டு, பின்னேரம் திரும்பினேன். அம்மாவுக்கும் திருப்தி.

சில சின்னக் காரியங்கள். பை வைக்கும் அலுமாரிக்குப் பூட்டு அனேகமாகத் தரமாட்டார்கள், யாழ்ப்பாணத்துப் பெரியகடைப் பக்கம் ஒரு சின்னப் பூட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே சதுரக் கால் மூன்று முள் பிளக். எங்கள் பழைய வீட்டு உருண்டை முள் பொருந்தாது. எந்த விடுதியானாலும், பையைக் கட்டிலில் வைக்க முன் மெத்தை மூலையைத் தூக்கி, தையல் வழியே போன் வெளிச்சத்தை ஓடவிடுங்கள். மிளகுத்தூள் சிந்தினது போல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சி. அந்த இடத்திலேயே வேறு கட்டில் கேளுங்கள்.

திரும்பி வந்து அம்மாவுக்கு எல்லாம் சொன்னேன். மேடான் அம்மாவின் தைலக் கதையை இரண்டு தரம் சொல்லச் சொன்னா. பிறகு, "பள்ளிக்கூடத்தில எங்களுக்குப் பக்கத்தில ஒரு மனுசி படுத்தவ. பிள்ளையளுக்கு இரவில விசிறுவா. பேர் மறந்துபோச்சு" என்றா. அதற்கு முன் அம்மா அந்த மனுசியைப் பற்றி என்னிடம் சொன்னதில்லை.

வாற தைப்பூசத்துக்கு மச்சாள் போகிறா. தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முந்தி இரவில் வெள்ளித் தேர் புறப்படுவது மகாமாரியம்மன் கோயிலிலிருந்துதான். அங்கிருந்து பதினைந்து கிலோமீற்றர் தூரம், விடிய விடிய நடந்து பத்துமலைக்குப் போகும். பிரிக்பீல்ட்ஸ் அறை பிடிக்கத்தான் மச்சாள் நினைத்தா. நான் பெட்டாலிங் தெருவில் பெண்கள் அறையில் கீழ்க் கட்டில் பிடித்துக் கொடுத்திருக்கிறேன், தெருப்பக்கம் இல்லாதது. கதவைத் திறந்து இறங்கினால் தேருக்குப் பின்னால் நடக்கத் தொடங்கலாம். சேலையை அம்மா தோய்த்து, மடித்து, இரண்டு ஊசியும் குத்தி வைத்திருக்கிறா.