வயிற்றில் முன்பு ஆபரேஷன் ஆனவர் வீட்டில் இருந்தால் படியுங்கள்: குடல் அடைப்பும் எடுக்காத ஸ்கேனுக்கு வாங்கிய காசும்

விட்டுவிட்டு வயிறு முறுக்கி வலிக்கிறது, வயிறு உப்பிக்கொண்டே போகிறது, பச்சையாக வாந்தி, மலமும் காற்றும் பிரியவில்லை. இப்படி இருப்பவருக்கு எப்போதோ வயிற்றில் ஆபரேஷனும் ஆகியிருந்தால், 'வெறும் கேஸ்' என்று சொல்லும் இடத்தில் ஒரு நிமிஷமும் நிற்காதீர்கள். எங்கள் அம்மாவுக்கு ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னார்கள்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. ஆபரேஷன் ஆன வயிற்றுக்குள் நார் நாராகத் தழும்பு ஓடிக் குடலைப் பிடித்து இழுக்கும். சிறுகுடல் அடைப்புக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். தழும்பைக் காட்டியே சொன்னோம், கேஸ் ஷீட்டில் எழுதக்கூட இல்லை. படுக்கவைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் பேதி மருந்து கொடுத்தார்கள். அடைத்துக் கிடக்கும் குடலுக்குப் பேதி மருந்து! வலி இரட்டிப்பானது.

அப்புறம் அல்ட்ராசவுண்ட். 'காற்று மறைப்பதால் குடல் தெளிவாகத் தெரியவில்லை' என்று ரிப்போர்ட். மறுநாளும் அதே ஸ்கேன், அதே வரி, திரும்பவும் காசு. சண்டை போட்ட பிறகுதான் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். பில்லில் 'கான்ட்ராஸ்ட் சி.டி.', அதாவது நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் என்று போட்டுப் பணம் வாங்கினார்கள். ரிப்போர்ட்டிலோ 'பிளெயின்', அதாவது மருந்து ஏற்றாமல் எடுத்தது என்று இருந்தது. கேட்டால், பேக்கேஜ் என்றார் கேஷ் கவுன்ட்டரில் இருந்தவர்.

காசு போனதைவிட எனக்கு ஆறாதது வேறு. பிளெயின் ஸ்கேனில் குடல் வீங்கியிருப்பது தெரியும், எங்கே அடைக்கிறது என்பதும் ஓரளவு தெரியும். அந்தக் குடலுக்கு ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க, நரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றித்தான் படம் எடுக்க வேண்டும். உடனே ஆபரேஷனா, பொறுத்துப் பார்க்கலாமா என்பதற்கு அந்தப் படம்தான் பெரிய ஆதாரம். கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கு அந்த மருந்தைக் கொடுக்க யோசிப்பார்கள். கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையில், அம்மாவின் கிரியேட்டினின் நார்மல்.

அங்கிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதல் வேலையாக மூக்கு வழியே ரைல்ஸ் ட்யூப் போட்டுத் தேங்கியதை வெளியே எடுத்தார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள், கான்ட்ராஸ்டோடு சி.டி. எடுத்தார்கள். குடலின் ஒரு வளைவு இரண்டு முனையிலும் இறுகி மாட்டியிருந்தது, அதன் சுவரில் ரத்த ஓட்டமே இல்லை. அன்று ராத்திரியே ஆபரேஷன். கறுத்துப்போன பகுதியை வெட்டி எடுத்தார்கள். அம்மா பிழைத்துவிட்டார்.

எல்லா அடைப்புக்கும் கத்தி வைக்க வேண்டியதில்லை, அதையும் சொல்ல வேண்டும். குடல் அழுகும் அறிகுறி இல்லாவிட்டால் ட்யூப் போட்டு, சாதாரணமாக 72 மணி நேரம் வரை காத்துப் பார்ப்பார்கள். காஸ்ட்ரோகிராஃபின் என்ற மருந்தை ட்யூப் வழியாக விட்டு, சில மணி நேரம் கழித்து எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலை எட்டிவிட்டால், ஆபரேஷன் இல்லாமலே அடைப்பு விடுபட வாய்ப்பு அதிகம். எங்களிடம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் 'பார்க்கலாம்' என்று மட்டும் சொன்னார்கள். ட்யூபும் இல்லை, இந்தப் பரிசோதனையும் இல்லை.

டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: அடைப்பு எந்த இடத்தில்? ரத்த ஓட்டம் இருக்கிறதா? கான்ட்ராஸ்ட் போட்டீர்களா, இல்லையென்றால் ஏன்? தொடை இடுக்கில் குடலிறக்கம் இருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்தீர்களா? வயதான பெண்களுக்கு இதைப் பார்க்காமல் விட்டுவிடுவது சகஜம். ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள், அடுத்த ஆஸ்பத்திரியில் அதைத்தான் கேட்பார்கள்.

பில், ரிப்போர்ட் இரண்டையும் இணைத்து மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், அதற்கு 2 வருஷம் கெடு. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 நெறிமுறை விதி சொல்கிறது. அதைக் கேட்டு அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் பெற்றிருக்கிறோம். எங்களுக்கு அந்தக் கேஸ் ஷீட் இன்னும் வரவில்லை.