திடலா, பழைய கோர்ட்டா? தோட்டப்புற ஊருக்கு ஒரு பயிற்சிக்களம்

பெஸ்தாரி ஜெயா, சுங்கை சிப்புட் மாதிரியான ஊர்களில் திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைக்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால், பேச்சு மூன்று இடங்களைச் சுற்றியே வரும்: பந்துத் திடல், விளையாட ஆளில்லாமல் கிடக்கும் பழைய பூப்பந்து கோர்ட், தாமான் பூங்காவில் நிற்கும் உடற்பயிற்சி இயந்திரங்கள். மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமனோடு இருப்பதாக 2023 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. அதனால் ஆட்கள் தொடர்ந்து வந்து உடற்பயிற்சி செய்யக்கூடிய இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் ஓட்டு பழைய கோர்ட்டுக்கு.

இயந்திரங்களை முதலில் பார்த்துவிடுவோம். காலை வீசவும் இடுப்பைத் திருப்பவும் உதவும் இவை வயதானவர்களுக்கு நல்லவை, இருக்கட்டும். ஆனால் நாம் பேசுவது குந்தி எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. செம்பனைக் குலை தூக்கியவர்களின் உடம்புக்கு இதெல்லாம் தெரியும். இயந்திரமோ ஒரே தடத்தில்தான் அசையும், பெரும்பாலானவற்றில் பளுவையும் கூட்ட முடியாது.

திடலின் பலம் அதன் விஸ்தாரம். ஓடலாம், மண்மூட்டையைத் தோளில் போட்டு நீளமாக நடக்கலாம், விழுந்தாலும் அடி குறைவு. சிக்கல் மழைதான். மேற்குக் கரையில் பருவமழை மாறும் மாதங்களில் பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்க்கும். வேலை முடிந்து ஆள் கூடும் நேரத்தில் தரை சேறாக இருக்கும். ஒரே இடத்தில் தினமும் குதித்தால் புல் செத்துக் குழி விழும், குழியில் தண்ணீர் தேங்கும். பந்து விளையாடும் பிள்ளைகளையும் ஓரங்கட்ட முடியாது.

இப்போது கோர்ட். பூப்பந்துக்கும் செபாக் தக்ரோவுக்கும் கோட்டுக்குள் ஒரே அளவு: 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். பத்துப் பேர் இடிபடாமல் பயிற்சி செய்யலாம். சிமெண்டு சமதளம், மழை விட்டதும் சீக்கிரம் காயும். ஆனால் தண்ணீர் வடிய வாட்டம் வேண்டும். நூற்றுக்கு ஒன்று போதும், அதாவது 6 மீட்டர் அகலத்துக்கு 6 சென்டிமீட்டர் இறக்கம், அதன் முடிவில் லோங்காங் (வடிகால்). தளம் குண்டும் குழியுமாக இருந்தால், தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப் கம்பி வாங்கும் காசில் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சிமெண்டு கடினம் என்பது உண்மையான குறை. அதற்காக முழுத் தளத்துக்கும் ரப்பர் விரிக்கத் தேவையில்லை. குதிக்கும், பளு இறக்கும் ஒரு மூலைக்கு மட்டும் போடலாம். கறுப்பு ரப்பர் வெயிலில் நன்றாகச் சூடேறும், மேற்கே மர நிழல் விழும் மூலையாகப் பாருங்கள்.

புல்-அப் கம்பிகள் ஓரத்தில்தான் நிற்க வேண்டும். நடுவில் நட்டால் சிலம்பம் சுற்ற இடமிருக்காது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கம்பும் கர்லாக்கட்டையும் அந்நியமா என்ன? கம்பி 2.4 மீட்டர், 2.1 மீட்டர் என இரண்டு உயரத்தில் இருக்கட்டும். சாய்ந்து இழுத்துப் பழகுபவர்களுக்கு இடுப்பளவில் இன்னொன்று. வெறும் பெயிண்ட் அடித்த இரும்பு நம் ஈரக்காற்றில் வெல்டிங் இடத்திலேயே துருப்பிடிக்கும். துத்தநாகப் பூச்சு போட்டதை வாங்குங்கள்.

கூரையா, விளக்கா என்று கேட்டால் விளக்கு என்பேன். பொழுது 7 மணி முதல் 7.30க்குள் சாய்ந்துவிடும், வேலைக்குப் போகிறவர்கள் அதற்குப் பிறகுதான் வருவார்கள். சுவரில்லாத கூரை மின்னலுக்குப் பாதுகாப்பும் இல்லை. இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும்.

அப்புறம் டயர். பழைய டிராக்டர் டயர் சும்மாவே கிடைக்கும், புரட்டிப் பயிற்சி செய்ய அருமையானது. ஆனால் உள்ளே நிற்கும் தண்ணீரில் ஏடிஸ் முட்டை ஏழெட்டு நாளில் கொசுவாகிவிடும், டிங்கி வரும். அடியில் துளை போட்டு, பயிற்சி முடிந்ததும் மூடி வையுங்கள்.

கோர்ட் தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில் இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே வேலை தொடங்குங்கள். கம்பிகளைச் சிமெண்டில் புதைக்காமல் போல்ட் போட்டு நிறுத்துங்கள். நிலம் கைமாறினால் கழற்றிக்கொண்டு போகலாம்.