வேலூரில் வீட்டுக்கே வந்து பலூன் அலங்காரம் செய்பவர்கள் எப்படி?

பாப்பாவின் இரண்டாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எதற்கு, ஹாலே போதும் என்று சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கே ஆள் வரவழைத்து பலூன் அலங்காரம் செய்தோம். வேலை நன்றாக இருந்தது. சுவரில் ஆணி அடிக்கவில்லை, டேப் ஒட்டிப் பெயிண்டைப் பெயர்க்கவில்லை, ஸ்டாண்ட் வைத்தே ஆர்ச் கட்டினார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: ஜன்னலோரம் வேண்டாம், வேலூர் மே மாத வெயில் பட்டால் உள்ளே காற்று விரிந்து பலூன் வெடிக்கும் என்று அவர்களாகவே சொல்லி உள்சுவருக்கு மாற்றினார்கள். வெடித்த ரப்பர் துண்டைக் குழந்தைகள் வாயில் போட்டால் தொண்டையை அடைத்துக்கொள்ளும், அதனால் உடனே பொறுக்கிவிடுங்கள் என்றும் எச்சரித்தார்கள். இப்படிச் சொல்கிற ஆட்களுக்கே காசு கொடுக்கலாம்.

குறை என்றால், சொன்ன நேரத்துக்கு வரவில்லை, விருந்தாளிகள் வந்த பிறகும் பம்ப் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம், பேக்கேஜோடு ஸ்னோ ஸ்பிரே தருகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள், அது தீப்பிடிக்கக்கூடியது, மெழுகுவத்தி எரியும்போது குழந்தை முகத்துக்கு நேரே அடிப்பது பெரிய ஆபத்து. நாங்கள் திருப்பிக் கொடுத்துவிட்டோம், அதற்காகக் காசு குறைக்கவில்லை.

சாப்பாட்டுக்கு கேக்கோடு ஆற்காடு மக்கன் பேடா வைத்தோம். உள்ளே முந்திரி, பாதாம் இருக்கும், சின்னதுகளுக்கு அதை எடுத்துவிட்டுப் பிய்த்துக் கொடுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும்போதே, மறுநாள் வந்து எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப்போவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.