தூரம் துல்லியம், நேரம் உத்தேசம்

சென்ற ஜூன் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் லண்டன், ரோம், பாரிஸ் நகரங்களுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டபோது, இரண்டு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணித்துச் சொல்லும் இலவச இணையச் சேவை ஒன்றைப் பெரிதும் நம்பியிருந்தேன். பயணம் முடிந்து சிங்கப்பூரில் பொங்கோல் வீட்டுக்குத் திரும்பிய பிறகே, அதில் எதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விளங்கியது.

தூரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. லண்டன் ஹீத்ரோவிலிருந்து ரோமின் ஃபியூமிச்சினோவுக்குச் சுமார் 1,440 கிலோமீட்டர். பூமியின் வளைவையொட்டிய மிகக் குறுகிய பாதையை அளப்பதால், இத்தகைய எந்தச் சேவையிலும் ஏறக்குறைய இதே எண்தான் வரும்.

நேரம் வேறு கதை. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டு, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அரை மணி நேரம் சேர்த்து, 2 மணி 18 நிமிடம் என்று அது காட்டியது. பயணச்சீட்டிலோ 2 மணி 35 நிமிடம் என்றிருந்தது. விமானம் நுழைவாயிலை விட்டு நகர்ந்தது முதல் அடுத்த ஊரின் நுழைவாயிலை அடையும்வரை உள்ள நேரத்தையே விமான நிறுவனங்கள் அச்சிடுகின்றன. இரண்டே ஓடுபாதைகளைக் கொண்டு இயங்கும் ஹீத்ரோவில் புறப்பாட்டு வரிசையில் ஊர்ந்து நிற்பதும் அதற்குள் அடக்கம். அங்கே வந்திறங்கும் விமானங்கள் முறை வரும்வரை வானத்தில் வட்டமடிப்பதும் வாடிக்கை. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. இச்சேவையோ இரு திசைக்கும் ஒரே விடையைத் தருகிறது. ரோம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முந்தியது என்பதையும் அது சொல்லாததால், சீட்டில் இருந்த இறங்கும் நேரத்தைப் பார்த்த அம்மா, மூன்றரை மணி நேரப் பயணமா என்று கவலைப்பட்டார்.

என்னை உண்மையில் அலைக்கழித்தது பாரிஸ்தான். எங்கு போவதானாலும் சாங்கி விமான நிலையம் என்று பழகிவிட்ட சிங்கப்பூரர்களான நமக்கு, ஒரே நகரின் பெயரைப் பல விமான நிலையங்கள் பகிர்ந்துகொள்வது எளிதில் மனத்தில் பதிவதில்லை. ஊர்ப் பெயரை மட்டும் தட்டினேன். சேவை சார்ல் து கோல் நிலையத்தை எடுத்துக்கொண்டு ரோமிலிருந்து சுமார் 1,100 கிலோமீட்டர் என்றது. நான் வாங்கிய மலிவுச் சீட்டோ பாரிஸுக்கு வடக்கே ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் போவே நிலையத்துக்கானது. நள்ளிரவு நெருங்கும் வேளையில், தூங்கி வழியும் பிள்ளைகளோடு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேருந்தில் போக வேண்டியிருந்தது. தவறு என்னுடையதுதான் என்றாலும், ஒரு நகருக்குப் பல நிலையங்கள் இருக்கும்போது எது என்று அச்சேவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊர்ப் பெயருக்குப் பதிலாக விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை உள்ளிட்டால் இந்தக் குழப்பம் வராது.

பாரிஸிலிருந்து லண்டனுக்குத் திரும்ப அச்சேவை காட்டியது 348 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நம் சாங்கியிலிருந்து கோலாலம்பூர் போவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால் நிலையத்துக்குப் போவதும் சோதனைக்கு நிற்பதும் அந்தக் கணக்கில் இல்லை. எனவே நகரின் நடுவிலிருந்து நகரின் நடுவுக்கு இரண்டேகால் மணி நேரம்போல் ஓடும் யூரோஸ்டார் ரயிலையே பிடித்தோம். கடவுச்சீட்டுச் சோதனைக்காக அதற்கும் முன்கூட்டியே போக வேண்டியிருந்தாலும், அம்மா அதிகம் நடக்க நேரவில்லை.