பதுவையில் மூன்று மணி நேரம்: அந்தோனியார் வழிகாட்டி நடை பற்றி

தொலைந்த பொருளை மீட்டுத் தரும் கோடி அற்புதராக மட்டுமே புனித அந்தோனியாரை அறிந்திருந்த எனக்கு, இத்தாலியின் பதுவை நகரில் ஒரு சிறு நிறுவனம் ஆங்கிலத்தில் நடத்தும் வழிகாட்டி நடை அவரை மறையுரையாளராகக் காட்டியது. கட்டணம் அதற்கே தகும், குறைகளும் உண்டு.

நடை அந்தோனியார் பேராலயத்தில் தொடங்குவதில்லை. சந்தைக்கு நடுவே நிற்கும் பலாஸ்ஸோ தெல்லா ராஜோனே என்ற பழைய நீதிமன்ற மாளிகையின் மேல்தளத்தில், 'அவமானக் கல்' எனப்படும் கருங்கல்லின் முன் வழிகாட்டி எங்களை நிறுத்தினார். கடனைத் தீர்க்க வழியற்றவர் உள்ளாடையோடு இதில் மூன்று முறை அமர்ந்தெழுந்து, உடைமைகளைக் கைவிட்டதாக அறிவித்து நகரைவிட்டு வெளியேற வேண்டுமாம். கேட்கக் கொடுமையாக இருந்தாலும், சிறைக்கு மாற்றாக வந்த தண்டனை இது. 1231ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அந்தோனியார் நாள்தோறும் மறையுரை ஆற்றி வட்டித் தொழிலைச் சாடினார். கோயில்கள் கொள்ளாமல் கூட்டம் திறந்தவெளிக்கு நகர்ந்தது. உடைமைகளை ஒப்படைத்துவிட்ட கடனாளியைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று அவ்வாண்டு மார்ச் 15 அன்று நகர ஆட்சி இயற்றிய சட்டம், அவருடைய வேண்டுகோளின்பேரில் செய்யப்பட்டதென்று தன் வாசகத்திலேயே கூறுகிறது. இதை அறிந்தபின் பேராலயத்தில் சிற்பி தொனதெல்லோ வார்த்த வெண்கலப் புடைப்புச் சிற்பத்தைக் கண்டபோது, அது காட்டும், இறந்த கஞ்சனின் இதயம் அவனுடைய பணப்பெட்டியில் கிடைத்த கதை எனக்கு வெறும் அற்புதமாகத் தோன்றவில்லை.

பேராலயத்தின் மக்னோலியா மரம் நிற்கும் உள்முற்றத்தில் அமர்த்தி, 1222இல் ஃபோர்லி நகரில் நடந்ததை வழிகாட்டி நிதானமாகச் சொன்னார். குருப்பட்ட விழாவில் உரையாற்ற எவரும் ஆயத்தமாக வராததால், அதுவரை மலைத் துறவிமடம் ஒன்றில் அறியப்படாமல் வாழ்ந்த லிஸ்பன் நகரத்துச் சகோதரரான அந்தோனியாரைப் பேசச் சொன்னார்கள். அவருடைய கல்வியறிவு அன்றுதான் அவர் சேர்ந்திருந்த பிரான்சிஸ்கன் துறவற சபைக்குத் தெரியவந்தது. நடையின் சிறந்த கால் மணி நேரம் அதுவே.

1263இல் கல்லறையைத் திறந்தபோது அழியாதிருந்ததாக அச்சபையின் தலைவர் புனித பொனவெந்தூர் போற்றிய அந்தோனியாரின் நாவு இருக்கும் சிற்றாலயத்திலோ, பின்னால் நின்ற கூட்டம் நெருக்கியதால் இரண்டு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. வெளியே கத்தமெலாத்தா என்ற படைத்தலைவனின் குதிரைச் சிலைக்குப் பத்து நிமிடம் செலவிட்டவர்கள், அந்த நேரத்தை இங்கே தந்திருக்கலாம். காதொலிக் கருவியின் ஒலியும் அடிக்கடி அறுந்தது.

பெரிய குறை, நகரின் வடபகுதியான ஆர்செல்லாவை முற்றிலும் விட்டுவிட்டதுதான். கம்பொசம்பியெரோ என்ற ஊரில் நோயுற்று, மாட்டுவண்டியில் பதுவைக்குத் திரும்பும் வழியில், 1231 ஜூன் 13 அன்று அவர் உயிர்நீத்த சிற்றறை அங்குள்ள திருத்தலத்தினுள் இருக்கிறது. ரயில் நிலையத்தைத் தாண்டி வடக்கே செல்லும் டிராமில் ஏறி, மறுநாள் நானாகவே போய்ப் பார்த்தேன்.