தலை வெட்டி வந்த ‘கிழங்கான்’: வாட்ஸ்அப்பில் மீன் வாங்குபவர்கள் கவனத்துக்கு

சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. "இன்று காலை நாட்டுப்படகில் பிடித்த கிழங்கான், கிளீன் செய்து வீட்டுக்கே வரும்" என்று வாட்ஸ்அப்பில் படம் வந்து, ஆர்டர் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது கிழங்கானே இல்லை, தண்ணிப்பன்னா. தெற்கே தும்பிலி என்பார்கள். கிலோ 750 ரூபாய் வாங்கிக்கொண்டு, அதில் கால்வாசி விலைக்குக்கூடப் போகாத மீனைத் தலை, செதில், துடுப்பு எல்லாம் எடுத்துப் பையில் கட்டி அனுப்பிவிட்டார்கள். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மீனின் முள் என் மாமனார் தொண்டையில் மாட்டி, காது மூக்கு தொண்டை டாக்டர் வரைக்கும் போக வேண்டியதாகிவிட்டது.

விற்றவர்களின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்த மாதிரி குழுக்கள் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடியும் வரும். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

மாமாவுக்கு டைஃபாய்டு வந்து, இட்லியும் கஞ்சியுமாக ஓடி, ஒருவழியாக வாய்க்கு ருசியாக ஏதாவது கேட்கும் நிலைக்கு வந்திருந்தார். காய்ச்சலில் விழுந்து எழுந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் முதலில் கொடுக்கிற மீன் கிழங்கான்தான். வெள்ளைச் சதை, எண்ணெய்ப்பசை குறைவு, நடுமுள்ளைப் பிடித்துத் தூக்கினால் பெரும்பாலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். குழந்தைக்கும் பயமில்லாமல் ஊட்டலாம். மிளகு தூக்கலாகப் போட்டு நீர்க்கக் குழம்பு வைத்தால் இன்னும் கொஞ்சம் சோறு இறங்கும்.

இது கரையோரத்து மீன். மணல் தரையை ஒட்டி, ஆழம் குறைந்த இடத்தில் கூட்டமாக மேயும். முட்டுக்காடு, எண்ணூர், பழவேற்காடு மாதிரி கழிமுகங்களுக்கு உள்ளேயும் வரும். மிரண்டால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். தூண்டிலிலும் படும், சின்னப் படகுக்காரர்கள் விரிக்கிற வலையிலும் படும். சந்தைக்கு வருவது பெரும்பாலும் சாண் நீளம்தான். ஓரடி இருந்தால் அது பெரிய மீன்.

நான் ஆர்டர் போட்டது மே மாதம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. 2017-க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. இழுவை மடி என்கிற இழுவலை போடுகிற விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். ஃபைபர் படகும் கட்டுமரமும் மட்டும் கிட்டக் கடலுக்குப் போய் வரும். அதனால் அந்த இரண்டு மாதம் கிழங்கான், காரப்பொடி, ஊடான், சுதும்பு, மடவை மாதிரி கரையோரத்துச் சின்ன மீன்களுக்குத்தான் மவுசு. விலையும் ஏறிவிடும். ஏமாற்றுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சீசன் கிடையாது.

குழுவில் வந்த படத்தில் என்னவோ நிஜமான கிழங்கான்தான் இருந்தது. மணல் நிற முதுகு, வெள்ளி வயிறு, கூர் மூக்கு, எல்லாம் சரி. முழு மீனாக அனுப்புங்கள், நானே சுத்தம் செய்துகொள்கிறேன் என்று போனில் கேட்டேன். "சின்ன மீன் மேடம், கிளீன் பண்ணித்தான் அனுப்புவோம், உங்களுக்கு வேலை மிச்சம்" என்றார் எடுத்தவர். ஒரு கிலோவுக்குப் பணம் அனுப்பினேன். வந்த பையை எடை போட்டால் அரைக் கிலோவுக்கும் குறைவு. தலையும் குடலும் போனால் எடை குறையும், அது நியாயம்தான். ஆனால் அறுப்பதற்கு முன்னால் உண்மையிலேயே ஒரு கிலோ இருந்ததா என்று பார்த்தது யார்?

மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவும்போதே சதை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. மசாலா தடவிக் கல்லில் போட்டதும் தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டது. கிழங்கான் அப்படி விடாது, ஓரம் சிவந்து தோல் இறுகும். இது கல்லிலேயே ஒட்டி, திருப்பும்போது இரண்டாகப் பிய்ந்தது. மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏம்மா, இது கிழங்கான் மாதிரி இல்லையே" என்றார். சின்ன வயதிலிருந்து இந்த மீனைச் சாப்பிட்டு வளர்ந்தவர். அடுத்த வாயிலேயே முள் மாட்டிக்கொண்டது.

முள் மாட்டினால் சோற்று உருண்டையை விழுங்கு, வாழைப்பழத்தை விழுங்கு என்று எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்வார். தயவுசெய்து செய்யாதீர்கள். லேசாக நிற்கிற முள்ளை அது இன்னும் உள்ளே ஏற்றிவிடலாம். நாங்கள் நேராக டாக்டரிடம் போனோம். உள்நாக்குப் பக்கம் டான்சிலில் குத்தி நின்றிருந்தது. வெளிச்சம் வைத்துப் பார்த்து இடுக்கியால் எடுத்துவிட்டார். மெல்லிசு முள், கண்ணுக்கு அருகில் பிடித்தால்தான் தெரிகிறது. மாமா இப்போது நன்றாக இருக்கிறார். மீன் என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்கிறார்.

பொரிக்காமல் ஃபிரிட்ஜில் மிச்சம் வைத்திருந்த மீனை எங்கள் தெருவுக்குக் கூடையில் கொண்டுவரும் மீன்காரக்காவிடம் காட்டினேன். வாலை மட்டும் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா இது, தண்ணிப்பன்னாவைப் போய் கிழங்கான்னு யார் உன் தலையில கட்னது?" அவ்வளவுதான். ஒரு நொடிகூட ஆகவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டு, உட்கார வைத்துச் சொல்லச் சொன்னேன். அடுத்த நாள் கூடையில் நிஜக் கிழங்கானையும் ஒரு தண்ணிப்பன்னாவையும் முழுசாக எடுத்துவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முழு மீனாக இருந்தால் குழப்பமே இல்லை. கிழங்கானுக்கு மூக்கு கூம்பி நீண்டிருக்கும், வாய் சின்னது, கீழே தள்ளி இருக்கும். தண்ணிப்பன்னாவுக்கு வாய் கண்ணைத் தாண்டிப் பின்னால் வரைக்கும் கிழிந்திருக்கும், ஊசிப் பற்கள் வரிசை வரிசையாக, வாய் மூடினாலும் வெளியே தெரியும். பார்த்தால் ஓணான் முகம்தான்.

தலை இல்லாவிட்டால் முதுகைப் பார்க்க வேண்டும். கிழங்கானுக்கு முதுகில் இரண்டு துடுப்பு. முன்னது முக்கோணமாக, மெல்லிய முள்ளோடு நிற்கும். பின்னது உயரம் குறைவு, ஆனால் நீளமாக வால் பக்கம் வரை ஓடும். அதற்கு நேர் கீழே வயிற்றுப் பக்கமும் கிட்டத்தட்ட அதே நீளத்தில் ஒரு துடுப்பு. தண்ணிப்பன்னாவுக்கு நடுமுதுகில் ஒரே துடுப்பு. அப்புறம் வாலுக்குக் கொஞ்சம் முன்னால் உளுந்து அளவில் சதையாக ஒரு குட்டித் துடுப்பு, அதில் முள்ளே இருக்காது. கிழங்கானில் இது கிடையவே கிடையாது. எனக்கு வந்த மீனில் துடுப்பையெல்லாம் ஒட்ட நறுக்கியிருந்தார்கள். இரண்டு மீனில் மட்டும் இந்தக் குட்டித் துடுப்பு தப்பிவிட்டது, படம் எடுத்து வைத்திருக்கிறேன். வாலும் காட்டிக் கொடுத்தது. தண்ணிப்பன்னா வால் ஆழமாகக் கவைத்திருக்கும், கிழங்கான் வால் லேசாகத்தான் உள்வாங்கும். துண்டாக அறுத்துப் பார்த்தாலும் வித்தியாசம் உண்டு. தண்ணிப்பன்னா துண்டு உருண்டையாக இருக்கும், கிழங்கான் பக்கவாட்டில் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

தண்ணிப்பன்னாவைக் குறை சொல்லவில்லை. கருவாடாக்கினால் நன்றாகவே இருக்கும். மீன் உருண்டைக்கும் அரைப்பார்கள். தண்ணிப்பன்னா என்று சொல்லி அதன் விலைக்கு விற்றிருந்தால் எனக்கு என்ன பேச்சு?

அவர்களிடம் கேட்டபோது வந்த பதில்கள் இன்னும் அழகு. முதலில், "இந்த சீசன்ல கிழங்கான் இப்படித்தான் இருக்கும் மேடம்." படத்தை அனுப்பியதும், "இது ஆழ்கடல் கிழங்கான், அதான் உருவம் மாறியிருக்கு." நாம் சாப்பிடுகிற கிழங்கான் கிட்டக் கடலிலும் கழிமுகத்திலும் மேய்கிற மீன் என்று மேலேயே சொன்னேன். ஆழ்கடல் என்ற வார்த்தையைக் கேட்டதுமே முடிவு செய்துவிடலாம். சரி, ஆழ்கடலிலிருந்து மே மாதத்தில் இங்கே யார் பிடித்துக் கொண்டுவந்தது? விசைப்படகெல்லாம் தடையில் நிற்கிறதே. தண்ணிப்பன்னா பெரும்பாலும் இழுவை மடியில் வருகிற மீன். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது, அதுவரை அங்கே படகுகள் ஓடும். ஆக, ஒன்று அந்தப் பக்கத்திலிருந்து லாரியில் ஐஸில் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தடைக்கு முன்னால் குளிர்கிடங்கில் போட்டதாக இருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் "இன்று காலை நாட்டுப்படகு" பொய். இதை எழுதிக் கேட்டதும், கிளீன் செய்த மீனுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று ஒரு வரி. அப்புறம் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

என் விஷயத்தில் முள்ளோடு போயிற்று. தலை வெட்டி, தோல் உரித்து வருகிற பெயர் தெரியாத சின்ன மீனில் இதைவிட மோசமானது நடக்கலாம். கரையோரத்து வலையில் பேத்தையும் விழும், வயிறு உப்புமே அதுதான். அதில் பல வகைகளின் ஈரலிலும் சினையிலும் கடும் விஷம். சில வகைகளில் தோலிலும் சதையிலும்கூட உண்டு. வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் அந்த விஷம் அழியாது. மாற்று மருந்தும் இல்லை. மீன் சாப்பிட்டதும் உதடும் நாக்கும் மரத்துப்போனால் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று இருக்காமல், மூச்சு பாதிக்கும் முன் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முழுசாக இருந்தால் பேத்தையை யாரும் வாங்கமாட்டார்கள். தோலை உரித்துத் துண்டு போட்டால் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

அதனால் இப்போது வீட்டில் ஒரே சட்டம்: முழு மீனைப் பார்த்து, எடை போட்டு, பிறகுதான் அறுக்கக் கொடுப்பது. செவுளைத் தூக்கிப் பார்க்க, கண்ணைப் பார்க்கத் தலை வேண்டும். அறுக்கிறவர்களுக்குத் தனியாகக் கூலி கொடுத்தாலும் பரவாயில்லை. சுதும்பு வாங்கும்போதும் இது உதவுகிறது. சின்னப் பாறைக் குட்டியைச் சுதும்பு என்று தள்ளிவிடுவார்கள். வால் பக்கம் நடுக்கோட்டில் விரலை ஓட்டுங்கள், பாறையாக இருந்தால் தடித்த செதில் கரகரவென்று தட்டும், சுதும்பில் வழவழவென்று போகும். ஓரா வாங்கினால் மட்டும் நீங்கள் கையை வைக்காதீர்கள். அதன் துடுப்பு முள் குத்தினால் உயிர் போகிற வலி, விஷ முள். மீன்காரக்காவே முள்ளை நறுக்கிக் கொடுத்துவிடுவார். அப்படியும் குத்திவிட்டால் கை பொறுக்கிற அளவு சூட்டில் வெந்நீரில் ஊறவையுங்கள், வலி இறங்கும். சமைத்த பிறகு சாப்பிடப் பயமில்லை. பாசி மேய்கிற மீன் என்பதால் குடல் உடைந்தால் நாறும், அதை மட்டும் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

புகார் கொடுத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தாயிற்று, உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதியாயிற்று. எடைக் குறைவு தனி விவகாரம், அது தொழிலாளர் துறையில் எடையளவுச் சட்டத்தைப் பார்க்கிறவர்களிடம் போக வேண்டும். எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பில் இருக்கிறதா? கொடுக்கவில்லை. உணவு வியாபாரம் செய்கிறவர்களுக்கு 14 இலக்கத்தில் ஒரு பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்டபோதும் பதில் இல்லை. கையில் இருப்பது உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், பை எடை மெஷினில் இருக்கிற படம், டாக்டர் சீட்டு, ஃபிரீசரில் பொரிக்காத இரண்டு மீன். பணம் போன யூபிஐ கணக்கின் பெயர் குழுவில் சொன்ன பெயரே இல்லை, வேறு யாருடையதோ. அதையும் புகாரில் சேர்த்திருக்கிறேன். இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் உங்கள் கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள், அதே கணக்குதானா என்று தெரிந்துவிடும்.