எல்லா பிரிண்டருக்கும் ஒரே டிரைவர் என்று யாராவது வந்தால்

“யுனிவர்சல் பிரிண்ட் டிரைவர் லைசென்ஸ், 19 சிஸ்டம், ஒன்றுக்கு ரூ. 850.”

நாங்கள் பணம் கட்டிய பில்லில் இருக்கும் வரி இது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து ரூ. 19,057. டிரைவர் என்பது கம்ப்யூட்டர் பிரிண்டரோடு பேச உதவும் மென்பொருள். அந்த டிரைவரைத் தயாரித்த கம்பெனியே தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது என்பது, பணம் போய் ஆறு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பணம் போனது கூடப் பரவாயில்லை. அந்த ஆறு வாரத்தில் நடந்ததை நினைத்தால்தான் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

திருப்பூரில் ஒரு நடுத்தர எக்ஸ்போர்ட் கம்பெனியில் நிர்வாகம், கணக்கு இரண்டையும் நான் பார்க்கிறேன். சர்வீஸ்காரர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே வேறு போர்டு மாட்டிக்கொண்டு உங்கள் வாசலில் நிற்பார்.

எங்களிடம் இருந்தது மொத்தம் 11 பிரிண்டர். ஆபீஸ் மாடியில் நெட்வொர்க்கில் ஓடும் பெரிய லேசர் மூன்று. மேசைக்கு மேசை சின்ன லேசர் நான்கு. ஹெச்பி 1020 மூன்றும் கேனான் 2900 ஒன்றும். கீழே டெலிவரி சலான் அடிக்க டாட் மேட்ரிக்ஸ் இரண்டு. பேக்கிங்கில் பார்கோடு லேபிள் அடிக்கும் மிஷின் ஒன்று. வராந்தாவில் வாடகைக்கு எடுத்த கலர் காப்பியர். பத்து வருடமாகத் தேவைப்பட்டபோது தேவைப்பட்டதை வாங்கிச் சேர்த்தது. எந்த ஆபீஸிலும் இப்படித்தான் இருக்கும்.

தொல்லை இல்லாமல் இல்லை. புது சிஸ்டம் வந்தால் ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனித்தனியாக டிரைவர் தேட வேண்டும். அதோடு 2021-க்குப் பிறகு விண்டோஸில் ஒரு மாற்றம் வந்தது. நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டரைச் சேர்க்கப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்க ஆரம்பித்துவிட்டது. மெர்ச்சண்டைசிங் பசங்கள் மாதம் பத்து முறையாவது “அக்கா, பாஸ்வேர்டு” என்று என் முன்னால் வந்து நிற்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் இந்த சர்வீஸ்காரர் வந்தார்.

“மேடம், எல்லாத்துக்கும் ஒரே டிரைவர் போட்டுடலாம். யுனிவர்சல். எந்த பிரிண்டரா இருந்தாலும் அதுவே கண்டுபிடிச்சுக்கும். அப்புறம் தலைவலியே இருக்காது.”

எந்தெந்த மாடல் என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பையன்களோடு வந்தார். 19 சிஸ்டத்திலும் பழைய டிரைவர்களை வேரோடு நீக்கினார்கள். எதற்கும் பேக்கப் எடுக்கவில்லை. எந்த சிஸ்டத்தில் எந்த செட்டிங் இருந்தது என்று ஒரு பேப்பரில் கூடக் குறித்துக்கொள்ளவில்லை. மாடியில் ஒரு பெரிய லேசரில் டெஸ்ட் பேஜ் எடுத்து என் கையில் கொடுத்தார். பளிச்சென்று வந்திருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். லேபிள் மிஷினைத் தொட மட்டும் பேக்கிங் சூப்பர்வைசர் விடவில்லை. “நாளைக்குக் காலைல லோடு போகோணுங்க. என் மிஷின் மேல கை வெச்சீங்கன்னா நான் பொறுப்பில்லீங்க” என்று குறுக்கே நின்றுவிட்டார். அன்றைக்கு அவரை அதிகப்பிரசங்கி என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு முதல் போன் கீழேயிருந்து வந்தது. “அக்கா, பேப்பர் கிறுக்குப் புடிச்ச மாதிரி ஓடுதுங்க!”

இறங்கிப் போய்ப் பார்த்தால், டாட் மேட்ரிக்ஸ் மூன்று பிரதி கன்டினியூவஸ் பேப்பரை இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. முதல் வரியில் 12345 என்று ஒரு எண், பக்கத்தில் பிஜேஎல் என்று ஆங்கில எழுத்துகள், அதற்குக் கீழே இதயமும் வட்டமும் கட்டமுமாக ஏதேதோ. நடுநடுவே பீப் சத்தம் வேறு. டையிங்குக்குப் போக வேண்டிய துணி வண்டியில் ஏறியிருந்தது, டி.சி. (டெலிவரி சலான்) இல்லாமல் வண்டி எப்படிக் கிளம்பும்? பழைய சலான் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையால் எழுதி அனுப்பினோம். பத்தரை மணிக்குச் சின்ன லேசர்கள் நான்கும் சத்தியாகிரகத்தில் இறங்கிவிட்டன. பிரிண்ட் கொடுத்தால் விளக்கு ஒரு முறை கண்ணைச் சிமிட்டும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் பார்த்தால் பிரிண்ட் ஆகிவிட்டது என்று சொல்லும்.

பெரிய லேசர் மூன்றும் ஓடின, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இரண்டு பக்கமும் அடிக்கும் வசதி மங்கிப்போய்க் கிடந்தது. லெட்டர்ஹெட் வைத்திருந்த இரண்டாவது டிரே பட்டியலிலேயே இல்லை. போதாததற்கு பேப்பர் அளவு ‘லெட்டர்’ என்று உட்கார்ந்திருந்தது. நாம் அமெரிக்காவுக்கே பனியன் அனுப்பினாலும் டிரேயில் இருப்பது ஏ4 தானே? ஒவ்வொரு பிரிண்டுக்கும் மிஷின் நின்று லெட்டர் பேப்பர் போடச் சொல்லும், யாராவது எழுந்து போய் ஓகே அழுத்த வேண்டும்.

போன் செய்தேன். மதியம் வருகிறேன் என்றவர் புதன்கிழமை வந்தார். வந்து பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “டிரைவர்ல பிராப்ளம் இல்ல மேடம். உங்க பிரிண்டர்தான் பழசாயிடுச்சு.” பையிலிருந்து புது பிரிண்டர் நான்குக்கான கொட்டேஷனை எடுத்தார். தயாராக அடித்தே கொண்டு வந்திருந்தார். ஏழு வருடமாக மக்கர் பண்ணாமல் ஓடிய மிஷின், சனிக்கிழமை மதியம் வரை ஓடிய மிஷின், திங்கட்கிழமை காலையில் எப்படிப் பழசாகும்? கேட்டதற்குச் சிரித்தார்.

ஆனால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை, அந்தச் சம்பளப் பட்டியல் விஷயத்தோடு ஒப்பிட்டால்.

காப்பியர் வராந்தாவில் இருக்கிறது, போகிற வருகிற எல்லோரும் எடுக்கும் மிஷின். அதனால் சம்பளச் சீட்டு, இன்க்ரிமென்ட் கடிதம் இதெல்லாம் ரகசிய எண் போட்டு அனுப்புவேன். மிஷின் முன்னால் போய் நின்று எண்ணை அழுத்தினால்தான் பேப்பர் வெளியே வரும். அது அந்தக் காப்பியருக்கென்றே வந்த டிரைவரில் இருந்த வசதி. இவர் போட்டதோ வேறு கம்பெனியின் டிரைவர். பக்கத்தை அடிக்கத் தெரியுமே தவிர, அந்த மிஷினிடம் ‘இதை வைத்திரு, ஆள் வந்ததும் கொடு’ என்று சொல்லத் தெரியாது. வழக்கம் போல நான் மாதக் கடைசியில் பிரிண்ட் கொடுத்துவிட்டு, போன் வந்ததால் பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ப் பார்த்தபோது ஸ்டாஃப் முழுப் பேருடைய சம்பளமும் டிரேயில் மல்லாந்து கிடந்தது. டீ கொண்டு வரும் தம்பி வரைக்கும் பார்த்தாயிற்று. அடுத்த ஒரு வாரம் ஆபீஸில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு 3,500 ரூபாய் வித்தியாசம். குறைவாக வாங்கியவர் என்னிடம் வந்து சண்டை போடவில்லை, ‘சரிங்கக்கா’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு எந்த சர்வீஸ்காரர் பில்லைத் திருப்பித் தருவார்?

இது முடியும்போது காப்பியர் வாடகைக்காரர் மீட்டர் ரீடிங் எடுக்க வந்தார். எங்கள் ஒப்பந்தத்தில் கருப்புப் பக்கம் 50 பைசா, கலர் 5 ரூபாய். வழக்கமாக மாதம் 340 கலர் பக்கம் ஓடும், அந்த மாதம் 2,140. பழைய டிரைவரில் எல்லோருக்கும் கருப்பு-வெள்ளை என்று வைத்திருந்தோம். புதியதில் கலர் தானாகவே இருந்திருக்கிறது. மெயிலில் ஒரு லிங்க் நீல நிறத்தில் இருந்தால் போதும், மிஷின் அந்தப் பக்கத்தைக் கலர் கணக்கில் ஏற்றிவிடும். 1,800 பக்கத்துக்குத் தலா நாலரை ரூபாய் அதிகம். 8,100 ரூபாய் தண்டம்.

கடைசியில் எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் சிஸ்டம் பார்க்கும் ஒரு தம்பியைக் கூப்பிட்டோம். வந்ததும் முதலில் ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் முழுக்க நடந்து 11 மாடலையும் எழுதினார். அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம்தான் மவுஸைத் தொட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பிரிண்டரின் பிராண்டு முக்கியமில்லை, அது எந்த மொழியில் கட்டளை வாங்கும் என்பதுதான் முக்கியம். பெரிய லேசர்களுக்குப் பிசிஎல் 6, போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற மொழிகள் தெரியும். யுனிவர்சல் டிரைவர் அந்த மொழிகளில்தான் பேசும். 1020, 2900 மாதிரி சின்ன மிஷின்களுக்கு அந்த மொழி எதுவும் தெரியாது. பக்கத்தை முழுக்கக் கம்ப்யூட்டரே வரைந்து, அந்த மிஷினுக்கென்று இருக்கும் தனி முறையில் அனுப்ப வேண்டும். 1020-க்கு இன்னும் ஒரு படி மேலே, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அதன் ஃபர்ம்வேரையே, அதாவது மிஷினை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளையே, கம்ப்யூட்டர்தான் அனுப்பி வைக்கிறதாம். அதனால் அவற்றுக்கு அவற்றின் சொந்த டிரைவர்தான், வேறு வழி கிடையாது. டாட் மேட்ரிக்ஸ் வேறு ஜாதி. புரியாத கட்டளை வந்தால் அதை எழுத்து என்று நினைத்து அப்படியே அடித்துத் தள்ளும். நாங்கள் பார்த்த 12345-ம் பிஜேஎல்லும், லேசர் பிரிண்டரிடம் ‘இனி இந்த மொழியில் பேசப் போகிறேன்’ என்று சொல்லும் முன்னுரை.

ஹெச்பி ‘யுனிவர்சல்’ என்கிறது, ஜெராக்ஸ் ‘குளோபல்’ என்கிறது, கேனான் ‘ஜெனரிக் பிளஸ்’ என்கிறது. எல்லாமே முதலில் அவரவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். அடுத்த வீட்டு மிஷினில் பக்கம் வரலாம். ரகசிய எண், ஸ்டேப்ளர் போன்றவை வரும் என்று நம்ப முடியாது. மூன்றுமே இணையதளத்தில் இலவசம்.

மாடியில் டூப்ளெக்ஸும் (இரண்டு பக்கமும் அடிக்கும் வசதி) டிரேயும் காணாமல் போனதற்குக் காரணம் இன்னும் சின்னது. யுனிவர்சல் டிரைவர் நெட்வொர்க் வழியாக எஸ்என்எம்பி என்ற முறையில் பிரிண்டரிடம் ‘உன்னிடம் என்னென்ன இருக்கிறது’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். எங்கள் நெட்வொர்க்கில் அது அடைத்திருந்தது. பதில் வராததால் எதுவுமே இல்லை என்று எடுத்துக்கொண்டது. தம்பி அதைத் திறந்துவிட்டு, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் டிவைஸ் செட்டிங்ஸ் போய் ‘அப்டேட் நவ்’ கொடுத்தார். வந்துவிட்டது. ஒரு பிரிண்டருக்கு இரண்டு நிமிடம். 19,057 ரூபாய் வாங்கியவர் இதைக் கூடச் செய்யவில்லை.

இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார், எனக்கு உண்மையாகவே வயிற்றைக் கலக்கியது. நான் மேலே சொன்ன அட்மின் பாஸ்வேர்டு விஷயம் சும்மா வந்ததில்லை. 2021-ல் விண்டோஸின் பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரில் ‘பிரிண்ட் நைட்மேர்’ என்ற பெரிய ஓட்டை வெளியே வந்தது. பிரிண்டர் டிரைவர் என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் சிஸ்டத்துக்குள் எதையும் ஏற்றலாம் என்ற நிலை. அதை அடைக்கத்தான் மைக்ரோசாஃப்ட் அந்த ஆகஸ்டில், டிரைவர் போட அட்மின் அனுமதி வேண்டும் என்று மாற்றியது. நம் ஆள் என்ன செய்திருந்தார் தெரியுமா? விண்டோஸின் உள் செட்டிங்குகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பாதுகாப்பை 19 சிஸ்டத்திலும் அணைத்து வைத்திருந்தார். அது போதாதென்று எல்லா யூசரையும் அட்மினாகவும் ஆக்கியிருந்தார். ‘பாஸ்வேர்டு கேக்காது மேடம்’ என்றாரே, அந்த வித்தை இதுதான். பேங்க் பேமென்ட் போகும் என் சிஸ்டமும் அதில் ஒன்று.

இப்போது மாடி லேசர் மூன்றுக்கு மட்டும் யுனிவர்சல் டிரைவர் இருக்கிறது, அழகாக ஓடுகிறது. ஒரே வகை நெட்வொர்க் லேசர் இருபது முப்பது இருக்கும் ஆபீஸுக்கு அது நல்ல ஏற்பாடுதான் என்று தம்பியும் சொன்னார். புது வெர்ஷன் வந்தால் மட்டும் ஒரு சிஸ்டத்தில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதில் போடச் சொன்னார். எல்லா பிரிண்டரும் ஒரே டிரைவரில் தொங்கும்போது, அது விழுந்தால் எல்லாம் சேர்ந்துதான் விழும். மற்ற மிஷின்கள் அவையவற்றின் பழைய டிரைவருக்குத் திரும்பிவிட்டன. இனி வாங்குவதாக இருந்தால் மோப்ரியா சான்று (தனி டிரைவர் இல்லாமலே பொது முறையில் பிரிண்ட் ஆகும் என்பதற்கான சான்று) உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொன்னார். விண்டோஸிலேயே இருக்கும் ஐபிபி என்ற பொது டிரைவரில் அது ஓடிவிடும். பிரிண்டர் கம்பெனிகளின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாகத் தருவதைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-லேயே அறிவித்துவிட்டதாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்க வழி தேடினேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடிக்கலாம் என்று நினைத்து, அதற்கு முன் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டினால், வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்குபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்தே அது விலக்கி வைக்கிறது. சிவில் வழக்குப் போட 19,057 ரூபாய்க்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? முதலாளி வேண்டாம் என்றுவிட்டார். உங்களிடம் இப்படி யாராவது வந்தால், பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே பில்லில் ‘லைசென்ஸ்’ என்று போட்டிருப்பது யாருடைய லைசென்ஸ், அதன் எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். சின்ன பிரிண்டர் ஒன்றிலும் டாட் மேட்ரிக்ஸ் ஒன்றிலும் உங்கள் கண் முன்னால் உங்கள் சலானையே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். பழைய டிரைவரை நீக்க விடாதீர்கள்.

நான் பணம் கொடுத்த பிறகு அந்த லைசென்ஸ் எண்ணைக் கேட்டு மூன்று மெயில் போட்டேன். மூன்றாவதுக்கு ஒரு வரியில் பதில் வந்தது: “டிரைவர் ஃப்ரீ மேடம், அது இன்ஸ்டலேஷன் சார்ஜ்.” அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து பில்லோடு சேர்த்து ஃபைலில் வைத்திருக்கிறேன். போன வாரம் அதே நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது, பண்டிகைக்கால ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) சலுகை என்று. பேக்கிங் சூப்பர்வைசரிடம் காட்டினேன். “வரச் சொல்லுங்கக்கா” என்றார்.